கூறைப் புடவையும் கொக்கியும்

சென்ற ஆவணித் திங்களில் மும்பை மாதுங்காவில் நடைபெற்ற ஒரு திருமணத்துக்குச் சென்றிருந்தேன். மூன்று தலைமுறைகளுக்கு முன் பாலக்காட்டுச் சீமையிலிருந்து வந்து இந்நகரில் வேரூன்றிய குடும்பம் அது. முதல் நாள் மாலை மெஹந்தி; இரவு சங்கீத். மணமகளும் தோழியரும் லெஹங்கா அணிந்து ஆடினர். மருதாணி இலையை அம்மியில் அரைத்து, உள்ளங்கையில் ஒரு வட்டமும் விரல் நுனிகளில் தொப்பியுமாக அப்பிக்கொண்டு உறங்கிய காலம் மாறி, கொடியும் மயிலும் முழங்கை வரை படர்ந்திருந்தன. காண அழகாகவே இருந்தது. அதைக் குறை கூற நான் முன்வரவில்லை.

மறுநாள் காலையில் நிகழ்ந்ததே என்னை எழுதத் தூண்டியது. கூறைப் புடவை உடுத்தி வர மணமகளை உள்ளே அழைத்துச் சென்றோம். ஒன்பது கஜம் கட்டத் தெரிந்தவர் அகப்படமாட்டார் என்று அஞ்சி, அப்புடவையை முன்கூட்டியே தையற்காரரிடம் கொடுத்து, கால்சட்டையைப் போல் நுழைத்துக்கொள்ளும்படி தைத்து வைத்திருந்தனர். நுழைத்த மாத்திரத்தில் இடுப்புக் கொக்கி தெறித்தது, ஜிப்பும் பிளந்தது. முகூர்த்தத்துக்கு அரை மணி நேரமே எஞ்சியிருந்தது. அலங்காரம் செய்ய வந்த பெண்மணி கையைப் பிசைந்தாள். மணமகளின் தாயார் கண்கலங்கினார். அங்கே கூடியிருந்த பெண்கள் இருபதின்மர். ஒருவருக்கும் மடிசார் கட்டத் தெரியவில்லை. அவர்களுள் நானும் ஒருத்தி என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

மூலையில் நாற்காலியில் அமர்ந்திருந்த மணமகளின் பெரிய பாட்டி, “தையலைப் பிரியுங்கோடி!” என்றார். அவருக்கு வயது 84. துணியை வெட்டாமல் தைத்திருந்தது எங்கள் நல்வினை. பிளேடும் கத்தரியுமாகப் பிரிப்பதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. பாட்டி கட்டிவிடுவதற்கு ஐந்தே நிமிடங்கள். ஒரு முடிச்சு, சில கொசுவங்கள், கால்களுக்கிடையே வாங்கிப் பின்னே செருகிய கச்சம், வலத்தோளில் தலைப்பு. குண்டூசி ஒன்றுகூட இல்லை! இரண்டடி நடந்து பார்த்த பெண், “பாட்டி, இதில் ஓடக்கூட முடியும் போலிருக்கே!” என்று வியந்தாள்.

“ஓடித்தானேடி அத்தனை வேலையும் பண்ணினோம்” என்றார் பாட்டி.

இக்கதையைக் கேட்பவர் உடனே நவநாகரிகத்தின் மேல் பழி சுமத்துவர். அது முறையன்று. கொசுவத்தை முன்னே வைத்து, முந்தானையை இடத்தோளில் இடும் ஆறு கஜக் கட்டினை இன்று ‘நம் வழக்கம்’ என்கிறோம். அதுவும் ஒரு காலத்துப் புது நாகரிகமே அன்றோ? அதன் வரலாற்றில் நம் மும்பைக்கும் பங்கு உண்டு. இந்திய சிவில் சர்வீஸில் சேர்ந்த முதல் இந்தியர் சத்தியேந்திரநாத் தாகூர். 1860-களில் அவர் உத்தியோக நிமித்தம் பம்பாய் மாகாணத்துக்கு வந்தபோது, மனைவி ஞானதாநந்தினி தேவியும் உடன் வந்தார். வங்க மாதர் அந்நாளில் இல்லத்தினுள் உடுத்திய ஒற்றைத் துணி, வெளியே சென்று பலருடன் பழகுவதற்கு ஏற்றதாக இல்லை. பம்பாயில் பார்சிப் பெண்கள் சேலை உடுத்திய பாங்கினைக் கண்ட அவர், அதைத் தமக்கேற்ப மாற்றி, இரவிக்கையும் உள்பாவாடையும் சேர்த்து அணியலானார். கல்கத்தா திரும்பியபின் பிறருக்கும் கற்பித்தார். கற்பிக்க ஆயத்தமாயிருப்பதாக ‘பாமாபோதினி’ என்னும் வங்கப் பத்திரிகையில் அறிவிப்பும் வெளியிட்டார். பிழைப்புக்காக வேற்றூர் வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி, அண்டை வீட்டாரைப் பார்த்துக் கற்றதைத் தன் ஊருக்குக் கொண்டு சென்ற கதை இது. நம் கதையும் ஏறக்குறைய இதுவே.

பின்னர் இரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவினார். சேலை உடுத்திய திருமகளும் கலைமகளும் வண்ணப் படங்களாகி, ஏழை வீட்டுச் சுவரிலும் இடம்பெற்றனர். அடுத்து வந்தது சினிமா. 1960-இல் ‘லவ் இன் சிம்லா’ படத்தில் நடிகை சாதனா நெற்றியில் முடியைக் கத்தரித்துவிட, ‘சாதனா கட்’ நாடெங்கும் பரவியது. 1994-இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹை கோன்’ படமோ, வடநாட்டுத் திருமணக் கொண்டாட்டங்களையே பாரதம் முழுமைக்கும் மாதிரியாக்கிவிட்டது. இன்று கைப்பேசி வழியே ஒரு நாளில் ஒரு பாணி உலகைச் சுற்றி வருகிறது. விரைவு கூடியிருக்கிறதே ஒழிய, ஆசை பழையதுதான்.

எனினும் ஒரு நட்டம் நேர்ந்திருக்கிறது. உடுத்தும் முறையைக் கண்டே ஒருவரின் ஊரையும் குலத்தையும் தொழிலையும் உணர்ந்த காலம் உண்டு. செட்டிநாட்டு ஆச்சிமார் கண்டாங்கிச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே, பின்கொசுவம் வைத்துக் கட்டினர். குடகுப் பெண்டிரும் கொசுவத்தைப் பின்னே வைப்பர். நதியாகிப் பாய்ந்த காவிரியைத் தடுக்க அவர்கள் நீரில் இறங்கியபோது, வெள்ளத்தின் வேகம் கொசுவத்தைப் பின்னே தள்ளியது என்பது அந்நாட்டுக் கதை. நம் அண்டை வீட்டு மராட்டிய மாதரின் ஒன்பது கஜ ‘நவ்வாரி’யும் இன்று தைத்த உடையாகவே பெரிதும் விற்கப்படுகிறது. ஆக, இழப்பு நமக்கு மட்டும் உரியதன்று. சாந்தால் புலாஞ்சே என்னும் பிரெஞ்சு மானிடவியல் அறிஞர், தமிழகத்திலும் பிற பகுதிகளிலும் சுற்றிச் சேலைக்கட்டு முறைகளைத் தொகுத்து 1997-இல் நூலாக வெளியிட்டார். நம் பாட்டிமாரின் கைத்திறனைக் குறித்துவைக்க அயல்நாட்டு அம்மையார் ஒருவர் வரவேண்டியிருந்தது!

இங்கே மற்றொரு உண்மையையும் மறைத்தலாகாது. அடையாளம் என்று நாம் போற்றுவது பலருக்கு விலங்காகவும் இருந்தது. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859-இல் அரசர் பிறப்பித்த ஆணைகூட, உயர்குலத்தார் போல் உடுத்தலாகாது என்ற வரம்புடனேயே வந்தது. அன்று மாலை பாட்டியிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், “என் அத்தைக்குப் பதினாறு வயசிலே தலையை மழிச்சு நார்மடியைக் கட்டிவிட்டா. சாகிற வரைக்கும் அதுதான். போனதிலே பாதி போகவேண்டியதுதான், குழந்தே” என்றார். யாவரும் ஒரே விதமாக உடுத்தும் ஆறு கஜம், குலத்தையும் கைம்மையையும் காட்டிக்கொடுக்காமல் எத்தனையோ பெண்களைத் தெருவில் நிமிர்ந்து நடக்கச் செய்தது. இந்த நன்மையை மறந்து பழமை பாடுதல் அறமாகாது.

அப்படியாயின், மற்றப் பாதி எது? கட்டாயம் போகட்டும், கைத்திறன் ஏன் போகவேண்டும்? வெட்டாத, தைக்காத ஒரு நீளத் துணியை ஊசியும் கொக்கியுமின்றி, உழைக்கவும் ஓடவும் ஏற்ற உடையாக்கும் அறிவு, எக்குலத்துப் பெண்ணும் கற்கத்தக்க கலை. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. துணிக்குக் காப்புக் கிடைத்தது. அதைக் கட்டும் கைக்கு எந்தச் சட்டமும் காப்பளிக்க இயலாது. துணியைக் கடையில் வாங்கலாம். முடிச்சை ஒருவர் சொல்லித்தந்தே மற்றவர் கற்க வேண்டும்.

நம் இளம்பெண்கள் விரும்பியதை உடுத்தட்டும்; சங்கீத்திலும் ஆடட்டும். குறை அவர்களிடம் இல்லை. கற்பிக்க வேண்டிய வயதில், ‘இதெல்லாம் எதற்கு?’ என்று கைவிட்ட என்னைப் போன்ற நடுத்தலைமுறையிடமே குறை. ஆதலின் சகோதரிகளே, உங்கள் இல்லத்திலோ அடுத்த மாடியிலோ கண்டாங்கி, பின்கொசுவம், மடிசார் என எம்முறையேனும் அறிந்த மூதாட்டியர் இருப்பின், இந்த ஞாயிறன்றே ஒரு பழஞ்சேலையுடன் அவர்பால் செல்லுங்கள். அருகில் இருக்கும் மராட்டியத் தோழியையும், அவளுடைய ஆஜியையும் அழையுங்கள். அந்நாளில் ஒரு வங்க மாது பத்திரிகை வாயிலாகப் புதியதைக் கற்பிக்க முன்வந்தார். பழையதைக் கற்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

நான் இப்போது வாரந்தோறும் அப்பாட்டியிடம் சென்று வருகிறேன். மூன்று முறை கட்டினேன்; மூன்று முறையும் கச்சம் அவிழ்ந்தது. நான்காம் முறை மாடிப்படி ஏறும் வரை நின்றது. புதுமணப் பெண்ணோ எனக்கு முன்பே தேறிவிட்டாள்!