வீட்டில் பிரசர் பார்ப்பது எப்படி?



கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த பிரசர் மெசின் இப்போது லயங்களிலும் இருக்கிறது. நல்ல விசயம்தான். ஆனால் மலையிலிருந்து வந்த கையோடு, மூச்சு வாங்க வாங்கப் பார்த்தால் கணக்குச் சரியாக வராது. கொழுந்து நிறுக்கும்போது தராசு ஆடி நின்ற பிறகுதானே கணக்குப் பார்க்கிறோம்? அதுபோல உடம்பும் ஆறி அமர வேண்டும்.

பார்க்கும் முறை:

1. அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே தேத்தண்ணி, வெற்றிலை, புகையிலை, பீடி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள்.

2. கதிரையில் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். கால்மேல் கால் போடக்கூடாது, பேசக்கூடாது.

3. சுவெட்டரைக் கழற்றி, முழங்கைக்குச் சற்று மேலே, வெறும் கையில் பட்டியைச் சுற்றுங்கள். கையை மேசைமேல், நெஞ்சு மட்டத்துக்கு வையுங்கள்.

4. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம் பார்த்து, இரண்டையும் திகதியோடு கொப்பியில் எழுதுங்கள்.

கிளினிக் போகுமுன் ஒரு வாரம், காலையில் மாத்திரை போடுமுன் ஒருமுறையும் பின்னேரம் ஒருமுறையும் இப்படிப் பாருங்கள். கொப்பியை டாக்டரிடம் காட்டுங்கள். ஒருநாள் கூடியதென்று பயப்பட வேண்டாம். வீட்டுக் கணக்கு சராசரியாக மேலே 135 அல்லது கீழே 85, அதற்கு மேலும் நின்றால் அது கூடிய பிரசர்.

முக்கியமான விசயம் ஒன்று. கணக்கு இறங்கிவிட்டது, தலைச்சுற்றும் இல்லை என்று சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இறங்கியதே மாத்திரையால்தான்! பிரசர் சத்தமில்லாமல் இருந்து பக்கவாதத்தில் ஆளைப் படுக்க வைத்துவிடும். அவரைப் பார்க்க இன்னொருவர் வேலைக்குப் போகாமல் நிற்க வேண்டும். இரண்டு பேர் சம்பளமும் போய்விடும். டாக்டர் சொல்லாமல் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பக்கத்து வீட்டு மாத்திரையும் வேண்டாம்.

மேலே 180 அல்லது கீழே 120 தாண்டினால் 5 நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். குறையாவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பிணிகள் 140/90 கண்டாலே போக வேண்டும். நெஞ்சுவலி, வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் விளங்காமை கண்டால், மெசின் என்ன காட்டினாலும் உடனே 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை.

மெசின் இல்லாதவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கலாம். 35 வயது தாண்டியவர்கள் ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிடுங்கள்.