காற்றுப் பட்டால் க்ளோஸ்!

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை. உடனே, 'மன்னர் ஆண்ட ஊரா ஸார்?' என்று கேட்காதீர்கள். இது தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற ரோட்டில் இருக்கிற சின்னப் புதுக்கோட்டை. எங்களுக்கு வருகிற பார்சல்கூட சில சமயம் அந்தப் பெரிய ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வரும்!

எங்கள் கடற்கரைப் பக்கத்துப் பெருசுகள் முத்துக்குளித்த கதை சொல்வார்கள். கல்லின் பாரத்தில் சரசரவென்று கடலுக்குள் இறங்கி, ஒரு நிமிஷம் மூச்சடக்கிச் சிப்பி அள்ளுவார்களாம். வாயைப் பிளந்து கேட்போம். ஆனால், பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட ஆக்ஸிஜனை சுவாசிக்காத கோடானுகோடி பேர் நம் வயிற்றுக்குள்ளேயே குடியிருக்கிறார்கள். முத்துக்குளிப்பவருக்குக் காற்று கிடைக்காவிட்டால் ஆபத்து. இவர்களுக்குக் காற்றுப் பட்டால் ஆபத்து!

'காற்றில்லா பாக்டீரியா' என்று பெயர். ஜாகை, பெருங்குடல். நம் உடம்பில் மொத்தம் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் என்று 2016-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். நம் சொந்த செல்கள் சுமார் 30 லட்சம் கோடிதான். பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், இந்த உடம்பில் நாம் மைனாரிட்டி ஷேர்ஹோல்டர்!

இவ்வளவு பேர் இருப்பது ரொம்ப நாள் தெரியாமலே இருந்தது. 1885-ல் தியோடர் எஸ்கெரிச் என்ற டாக்டர் குழந்தைகளின் மலத்தைச் சோதித்து ஒரு பாக்டீரியாவைப் பிடித்தார். இன்றைக்கு 'ஈ.கோலை' என்கிறோமே, அதுதான். காற்று இருந்தாலும் வளரும், இல்லாவிட்டாலும் வளரும். அதனால் சுலபமாக மாட்டிக்கொண்டது. குடலில் இதுதான் பெரிய ஆள் போல என்று பல காலம் நினைத்தார்கள். உண்மையில், ஆரோக்கியமான பெருங்குடலில் நூற்றில் ஒரு பங்குகூட அது தேறாது. மேனேஜர் கண்ணில் அடிக்கடி படுகிறவன்தான் ஆபீஸையே தாங்குகிறான் என்று நினைப்போமே, அந்தக் கதைதான்.

உள்ளே உட்கார்ந்து நிஜமாக உழைப்பவனை எப்படி அடையாளம் காண்பது? வெளியே எடுத்தாலே செத்துவிடுகிறானே!

அமெரிக்காவில் ராபர்ட் ஹங்கேட் என்பவர் மாட்டின் இரைப்பையில் இருக்கும் கிருமிகளுக்காக 1940-களில் வழி கண்டுபிடித்தார். கிருமிக்கான தீனியைக் கொதிக்க வைத்து ஆக்ஸிஜனை விரட்டு. கார்பன் டை ஆக்ஸைடை நிரப்பு. ரப்பர் மூடியால் இறுக்கு. குழாயை உருட்டினால் தீனி உள்சுவரில் மெல்லிசாகப் படிந்துவிடும். அதில் வளர்வதைப் பிடித்துச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். எந்தச் சர்க்கரையைத் தின்கிறது, என்ன அமிலம் விடுகிறது என்று விசாரித்துப் பெயர் வைப்பார்கள். இப்போது இன்னும் சுலபம், மரபணுவைப் படித்தே ஆளைச் சொல்லிவிடுகிறார்கள். ஆள் செத்தால் என்ன? ரேஷன் கார்டு இருக்கிறதே!

'இதனால் எனக்கென்ன?' என்பீர்கள். வேலூருக்கு வாருங்கள்.

நாம் ஜீரணிக்காமல் விடும் நாரையும் மாவுச்சத்தையும் இந்தப் பாக்டீரியாக்கள் புளிக்க வைத்துச் சில அமிலங்களாக மாற்றுகின்றன. குடல் தண்ணீரையும் உப்பையும் உறிஞ்ச அவை உதவுகின்றன. வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் பி.எஸ்.ராமகிருஷ்ணாவும் சகாக்களும் இதையே வைத்தியமாக்கிப் பார்த்தார்கள். காலரா கண்ட 48 பேர். சிலருக்கு வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசல் மட்டும். சிலருக்கு அதில் அரிசி மாவு. இன்னும் சிலருக்கு எளிதில் ஜீரணமாகாத மக்காச்சோள மாவு. வெறும் கரைசல் குடித்தவர்களுக்குப் பேதி நிற்க சராசரியாகச் சுமார் 91 மணி நேரம். மக்காச்சோள மாவுக்காரர்களுக்கு 57 தான்! 2000-ல் இது வெளியாயிற்று.

2008-ல் அங்கிருந்தே இன்னொரு ஆய்வு. பேதி கண்ட குழந்தைகளின் மலத்தை மரபணு முறையில் சோதித்தார்கள். பேதியின்போது முக்கியமான காற்றில்லா பாக்டீரியாக்கள் சில குறைந்திருந்தன. தேறிய பிறகு கூடியிருந்தன. நல்ல நாளில் இருப்பு எவ்வளவு என்று தெரிந்தால்தானே, கெட்ட நாளில் எது குறைகிறது என்று புரியும்? நாங்கள் வருஷக் கடைசியில் ஸ்டாக் எடுப்பது எதற்காம்!

அந்த ஸ்டாக்கை நானே ஒரு தடவை காலி பண்ணினேன். சாதாரண ஜலதோஷம். டாக்டரிடம் போகச் சோம்பல். நானே மெடிக்கல் ஷாப்பில் ஆன்ட்டிபயாட்டிக் கேட்டு வாங்கி விழுங்கினேன். ஜலதோஷம் வைரஸ் வேலை, ஆன்ட்டிபயாட்டிக்குக்கு அசையாது. அடிபட்டது குடலில் இருந்த அப்பாவிகள். மூன்றாம் நாள், நானும் பாத்ரூமும் பிரியாத நண்பர்கள்.

"ஏல, மூக்குக்கு மாத்திரை வாங்கப் போயி வயித்தையும் கெடுத்துட்டு வந்திருக்கியே!" என்றாள் அம்மா.

எனக்கு அதோடு போயிற்று. எல்லோருக்கும் அப்படிப் போகாது. நல்லவர்கள் காலி செய்த இடத்தில் 'டிஃபிசில்' என்றொரு காற்றில்லா வில்லன் புகுந்து குடலையே புண்ணாக்கிவிடும். ஆன்ட்டிபயாட்டிக்குக்குப் பின்னால் வரும் கடும் குடல் புண்ணுக்கு இதுதான் காரணம் என்று 1978-ல் கண்டுபிடித்தார்கள்.

டாக்டர் எழுதிக் கொடுத்தால் அவர் சொன்னபடி சாப்பிடுங்கள். நீங்களே டாக்டராகிவிடாதீர்கள். கீரை, பயறு, வாழைப்பழம் என்று உள்ளே இருப்பவர்களுக்கும் கொஞ்சம் படி அளந்துவிடுங்கள்.

சம்பளம் கேட்காமல், லீவு போடாமல் ராத்திரி பகலாக வேலை செய்கிறவர்கள் ஸார். கேட்பதெல்லாம் ஒன்றுதான்: கொஞ்சம் காற்றுப் படாமல் விடுங்கள்!