உடைந்த துண்டைத் தூக்கிப் போடாதீங்க... படகின் முன்கண்ணாடியை மாற்றுவதில் இவ்வளவு விஷயம் இருக்கா?

மாலை மயங்கும் நேரம். சூரியன் ஏரியின் விளிம்புக்கு இறங்கிவிட்டது. கரைக்குத் திரும்பும் சின்ன மோட்டார் படகு நேராக அந்த வெளிச்சத்தை நோக்கி வருகிறது. படகின் வளைந்த முன்கண்ணாடியில் முடி முடியாக விரிசல். உச்சி வெயிலில் கண்ணுக்கே தெரியாத அந்தக் கோடுகள், சாய்ந்த வெயில் பட்டதும் மொத்தமாக மின்ன ஆரம்பிக்கின்றன. ஓட்டுபவருக்கு எதிரே இப்போது இருப்பது கண்ணாடி அல்ல, வெள்ளைத் திரை. அதற்கு அப்பால் யாராவது நீந்திக்கொண்டிருந்தால்?

வேறு வழியில்லாமல் எழுந்து நின்று, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து ஓட்டுகிறார்கள் பலர். வேகமாகப் போகும் படகில் நின்றுகொண்டு ஓட்டுவது, ஒரே ஒரு அலையில் தண்ணீருக்குள் விழுவதற்கான வழி. ‘கண்ணாடியில கோடுதானே, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடும் விஷயம் இல்லை இது.

அமெரிக்காவில் 1950-60களில் ஃபைபர் கிளாஸ் படகுகள் வந்தபோது, நடுத்தரக் குடும்பங்களும் சொந்தமாகப் படகு வாங்க ஆரம்பித்தன. காருக்குப் பின்னால் டிரெய்லரில் மாட்டி ஏரிக்கு இழுத்துப்போகும் சின்னப் படகுகள். மரத்தைப்போல ஃபைபர் கிளாஸ் உளுத்துப்போகாது. அதனால் அந்தப் படகுகளில் கணிசமானவை இன்றும் ஓடுகின்றன. தாத்தா வாங்கிய படகைப் பேரன் ஓட்டுகிறான். ஆனால், அவற்றைத் தயாரித்த கம்பெனிகளில் பல எப்போதோ மூடப்பட்டுவிட்டன. இன்ஜினுக்கு வேறு இன்ஜின் மாட்டலாம், சீட்டுக்குப் புதுசு தைக்கலாம். அந்த மாடலுக்கென்றே வளைத்துச் செய்த முன்கண்ணாடிக்கு எங்கே போவது?

கண்ணாடி என்று சொன்னாலும் இது நிஜக் கண்ணாடி இல்லை. அக்ரிலிக். ஜெர்மனியில் ‘பிளெக்ஸிகிளாஸ்’, இங்கிலாந்தில் ‘பெர்ஸ்பெக்ஸ்’ என்று 1930களில் சந்தைக்கு வந்த பொருள். எடை கண்ணாடியில் பாதிதான். தன் மேல் விழும் வெளிச்சத்தில் 92 சதவிகிதத்தை உள்ளே விட்டுவிடும். சூடு செய்தால் இஷ்டத்துக்கு வளையும். சின்னப் படகுக்கு வேறென்ன வேண்டும்?

எதிரி வெயில் மட்டுமல்ல...

அக்ரிலிக் வெயிலை நன்றாகவே தாங்கும். அதைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரைத் தெளித்துத் துடைப்பது, பிசின் போகட்டும் என்று தின்னரையோ பெட்ரோலையோ தொட்டுத் தேய்ப்பது... இதெல்லாம் செய்த அன்று ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் வளைவுகளிலும் ஸ்க்ரூ துளைகளைச் சுற்றியும் ரசாயனம் இறங்கி, கொஞ்ச நாளில் அந்த முடி விரிசல்கள் தலைகாட்டும். மேலே விழுந்த கீறல் என்றால் நீர் காகிதத்தால் தேய்த்து, பாலிஷ் போட்டு மறைத்துவிடலாம். இது உள்ளுக்குள் இறங்கிய விரிசல். எவ்வளவு பாலிஷ் போட்டாலும் போகாது.

இன்னொரு எதிரி, கை. படகுத்துறையிலிருந்து இறங்கும்போது பிடிக்க ஏதாவது வேண்டும். கைக்கு எட்டுவது கண்ணாடியின் மேல் விளிம்பு. வருபவர்கள் எல்லாரும் அதைப் பிடித்தே இறங்கினால், ஒரு நாள் ஓரத்து ஸ்க்ரூவிலிருந்து ‘டப்’ என்று நீளமாகப் பிளக்கும்.

துண்டுகள்தான் சொத்து

பிளந்துவிட்டது. பெரும்பாலானோர் முதலில் செய்வது, உடைந்ததைக் கழற்றிக் குப்பையில் போடுவது. பிறகு கடையில் போய், ‘இத்தனை அடி நீளம், இத்தனை அடி உயரம், கொஞ்சம் வளைவா வேணும்’ என்று கேட்பார்கள். அந்த ‘கொஞ்சம் வளைவு’ எவ்வளவு என்று இப்போது யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்து வைத்திருந்த ஒரே சாட்சி குப்பையில் கிடக்கிறது.

பழைய படகுகளுக்குக் கண்ணாடி செய்துதரும் பட்டறைகள் முதலில் கேட்பதே பழைய கண்ணாடியைத்தான். ஐந்து துண்டாக இருந்தாலும் பரவாயில்லை. டேப் போட்டு ஒட்டினால் உருவம் கிடைத்துவிடும். படகிலிருந்து கழற்றும் முன்பே டேப் ஒட்டிவிடுவது இன்னும் நல்லது. அடிப்பக்கம் படகோடு சேரும் கோடு, ஸ்க்ரூ துளைகள் இருந்த இடம், நடுக்கோடு எல்லாவற்றையும் மார்க் செய்துகொள்ள வேண்டும்.

துண்டு ஒன்றுகூட இல்லை என்றால், படகின் மேல்தளத்தில் பழைய ரப்பர் விட்டுப்போன தடமும் ஸ்க்ரூ துளைகளும்தான் கதி. அவற்றின் மேல் மெல்லிய பிளைவுட்டோ கெட்டி அட்டையோ வைத்து, வளைத்து, வெட்டி, மறுபடி வளைத்து அளவெடுக்க வேண்டும். இந்த இடத்தில் உயரத்தைக் கவனிப்பது அவசியம். உட்கார்ந்து ஓட்டுபவர் ஒன்று கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும், இல்லை அதற்கு மேலாகப் பார்க்க வேண்டும். ‘அழகா இருக்கட்டும்’ என்று இரண்டு அங்குலம் குறைத்து, மேல் விளிம்பு சரியாகக் கண்ணுக்கு நேராக வந்து நிற்கும்படி செய்துகொண்டால், புதுக் கண்ணாடியும் தொல்லைதான்.

சும்மா வளைத்துவிடலாமா?

தட்டையான ஷீட்டை வாங்கி, கையால் அழுத்தி வளைத்து ஸ்க்ரூ போட்டால் என்ன? லேசான வளைவுக்குச் செய்யலாம். கணக்கு இதுதான்: வளைவின் ஆரம், ஷீட்டின் தடிமனைப்போல குறைந்தது 200 மடங்காவது இருக்க வேண்டும். 6 மி.மீ. ஷீட் என்றால் 1.2 மீட்டர். படகின் நடுப்பகுதிக்கு இது போதலாம். இரண்டு பக்கமும் திரும்பி வருகிறதே, அந்த மூலைகளில் ஆரம் இதைவிட ரொம்பக் குறைவு. அங்கே பலவந்தமாக வளைத்தால் அன்றைக்கு நிற்கும். பிறகு விரிசல் விடும்.

எனவே, சூடு. அதற்காக வீட்டிலிருக்கும் ஹீட் கன்னை எடுத்துக் காட்டுவது வேலைக்கு ஆகாது. ஓரிடம் கொதித்துக் குமிழி விடும், பக்கத்து இடம் குளிர்ந்தே இருக்கும். அக்ரிலிக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதும் குமிழிக்கு ஒரு காரணம். பெரிய ஓவனில் ஷீட் முழுவதையும் ஒரே சீராக 160 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது அது ஈரத் துணி மாதிரி துவண்டுவிடும். மெத்தென்ற துணி போர்த்திய அச்சின் மேல் அதை விரித்தால் தானாகவே படிந்துகொள்ளும். வேலையை முடிக்க அதிக நேரம் கிடைக்காது. இறுகிவிடும். பிறகு மெதுவாக ஆறவிட வேண்டும், அவசரப்பட்டு விசிறக் கூடாது.

வார்ப்பு முறையில் செய்த ஷீட், முதல் முறை சூடாகும்போது நீள அகலத்தில் 2 சதவிகிதம் வரை சுருங்கும். ஒன்றரை மீட்டர் ஷீட்டில் அது 3 செ.மீ. அளவெடுத்துத் துல்லியமாக வெட்டிவிட்டு ஓவனில் வைத்தவர், ஓவனைத் திறக்கும்போது வயிறெரிவார். பெரிதாக வெட்டி, வளைத்து, ஆறிய பிறகுதான் ஓரம் வெட்ட வேண்டும்.

அக்ரிலிக்குக்கு ஞாபகசக்தியும் உண்டு. வளைத்ததை மறுபடி அதே சூட்டுக்குக் கொண்டுபோனால், பழைய தட்டை உருவத்துக்கே திரும்பப் பார்க்கும். பழைய கண்ணாடியை ‘லேசாகச் சூடாக்கிச் சரிசெய்யலாம்’ என்று இறங்கினால், இருந்த ஒரே மாதிரியும் போய்விடும்.

கண்ணுக்குள் போன கண்ணாடி

அக்ரிலிக்கை அறுக்கும்போது தெறிக்கும் சில்லுகள் கூர்மையானவை, நிறமில்லாதவை. கண்ணுக்கான பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இந்த வேலையில் உட்காரக் கூடாது. இந்தச் சில்லுகளுக்கு ஒரு வரலாறே இருக்கிறது.

1940 ஆகஸ்ட் 15. பிரிட்டன் வான்போர். ஹரிகேன் விமானத்தில் பறந்த கார்டன் கிளீவர் என்ற பிரிட்டிஷ் விமானியின் தலைக்கு மேலிருந்த அக்ரிலிக் கூடு குண்டடிபட்டுச் சிதறியது. சில்லுகள் இரு கண்களிலும் பாய்ந்தன. பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினார். ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. இன்னொரு கண்ணில் சில்லுகள் அப்படியே தங்கிவிட்டன.

அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவர் ஹரோல்டு ரிட்லி என்ற கண் டாக்டர். உள்ளே கிடந்த அக்ரிலிக் துண்டுகளைக் கண் எதிர்க்கவே இல்லை என்பதை அவர் கவனித்தார். அப்படியானால் இதே பொருளில் லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைத்தால்? 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 45 வயதுப் பெண் ஒருவருக்கு அந்த ஆபரேஷனைச் செய்தார். கண்புரைக்கு இன்று உலகம் முழுக்க வைக்கும் லென்ஸின் தொடக்கம் அதுதான். சக டாக்டர்கள் பலர் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். ‘சர்’ பட்டம் வந்தது 2000-ம் ஆண்டில், அவர் இறப்பதற்கு முந்தைய வருடம்.

அந்த லென்ஸ் நம் ஊர் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்த காலம் ஒன்று உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1992-ல் ‘ஆரோலேப்’பைத் தொடங்கி, இங்கேயே அக்ரிலிக் லென்ஸ் தயாரித்து விலையைப் பல மடங்கு இறக்கியது. ‘தாத்தாவுக்கு லென்ஸ் வெச்சிருக்கு’ என்று வீட்டில் சொல்வோமே, படகின் முன்கண்ணாடிக்கு அது நெருங்கிய உறவு!

துளை போடுவதில் இருக்கிறது சூட்சுமம்

புதுக் கண்ணாடி தயார். இனி மாட்டுவது. ‘வெறும் ஸ்க்ரூதானே’ என்று நினைக்கும் இந்த இடத்தில்தான் பாதி கண்ணாடிகள் உடைகின்றன.

மரத்துக்குப் போடும் சாதாரண டிரில் பிட் அக்ரிலிக்கைக் கவ்வி இழுத்து, வெளியே வரும்போது ஓரத்தைப் பெயர்க்கும். அக்ரிலிக்குக்கென்றே முனை தீட்டிய பிட் வேண்டும். அடியில் மரக்கட்டை வைத்து, மெதுவாக, அழுத்தாமல் துளைக்க வேண்டும். சூட்டில் அக்ரிலிக் கண்ணாடியைவிடச் சுமார் எட்டு மடங்கு அதிகம் விரியும். ஒரு மீட்டர் நீள ஷீட், 30 டிகிரி சூடு ஏறினால் 2 மி.மீ. நீளும். துளை ஸ்க்ரூ அளவுக்கே இறுக்கமாக இருந்தால் அது எங்கே போகும்? துளையை 2, 3 மி.மீ. பெரிதாகவே போட்டு, ரப்பர் வாஷர் கொடுத்து, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி ஸ்க்ரூ போட்டுக்கொண்டே வர வேண்டும். வாஷர் லேசாக அழுந்தினால் போதும். பவர் டிரில்லால் முறுக்கவே கூடாது.

அடியில் தண்ணீர் புகாமல் வைக்கும் சீலன்ட்டிலும் கவனம் தேவை. படகுக் கடைகளில் கிடைக்கும் பாலிசல்பைடு வகை, மரத்துக்கும் ஃபைபருக்கும் அருமையானது. அக்ரிலிக்குக்கு விஷம். காடி வாசம் அடிக்கும் சிலிக்கானையும் தவிர்த்து, ‘நியூட்ரல் க்யூர்’ என்று எழுதியிருப்பதை வாங்குவது பாதுகாப்பு.

‘உடையாத பாலிகார்பனேட்டையே போட்டுவிடலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. உடையாது, உண்மை. ஆனால், சீக்கிரம் கீறல் விழும். மேல் பூச்சு இல்லாவிட்டால் வெயிலில் மஞ்சளாகும். முன்னால் பார்க்க வேண்டிய இடத்துக்கு அக்ரிலிக்கே மேல் என்கிறார்கள் பலர்.

ஓவனில் வைக்காமல் மாட்டும் ஷீட் என்றால், ஓரம் வெட்டி, துளை போட்டு முடியும் வரை அதன் மேலிருக்கும் காகிதத்தை உரிக்க வேண்டாம். மாட்டிய பிறகு முதல் நல்ல வெயில் நாளில் ஸ்க்ரூக்களை ஒரு முறை தொட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று இறுகியிருந்தால் கால் சுற்று தளர்த்துங்கள். கடலில் ஓடும் படகென்றால் உப்பு காய்ந்த கண்ணாடியைத் துணியால் துடைக்கக் கூடாது. முதலில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கரைத்து, பிறகு மிதமான சோப்பும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். படகிலிருக்கும் பழைய கிளீனர் பாட்டிலை அன்றைக்கே வீட்டு ஜன்னலுக்கு அனுப்பிவிடுங்கள்.