சினைக்குதிரைக்கான மேய்ச்சலும் உலர்புல்லும்

குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 340 நாட்கள். வயிற்றிலுள்ள குட்டியின் எலும்பு பெரும்பாலும் கடைசி மூன்று, நான்கு மாதங்களில் உருவாகிறது. அப்போது தாய்க்குக் கால்சியம் கூடுதலாகத் தேவைப்படும். தமிழ்நாட்டில் மாடுகளுக்கென வளர்க்கப்படும் பசும்புற்கள் சில, இந்தத் தேவைக்கு நேர் எதிரானவை.

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், கொழுக்கட்டைப்புல், கினியாப்புல், நீலகிரியில் காணப்படும் கிக்கூயு புல் ஆகியவற்றில் ஆக்சலேட்டு மிகுதி. இது குடலில் கால்சியத்துடன் சேர்ந்து கரையாத உப்பாகி, இலத்தியோடு வெளியேறிவிடும். மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுகின்றன. குதிரைக்கு அந்த இரைப்பை கிடையாது. எனவே பசுவுக்குப் பாலைப் பெருக்கும் அதே புல், குதிரையின் எலும்பிலிருந்து கால்சியத்தை இழக்கச் செய்கிறது. முதலில் நடை விறைக்கும், கால் நொண்டும். நாளடைவில் முக எலும்புகள் வீங்கும். இதுவே பெருந்தலை நோய். தீவனத்திலுள்ள கால்சியம், ஆக்சலேட்டின் அளவில் பாதிக்கும் குறைவாக இருந்தால் ஆபத்து அதிகம். பாஸ்பரசு மிகுந்த தவிட்டை நிறையக் கொடுப்பது நிலைமையை மேலும் மோசமாக்கும்.

பச்சைச் சோளம் வேறு வகையான தீங்கு செய்கிறது. அதை மேய்ந்த குதிரைகளுக்குச் சிறுநீர்ப்பை செயலிழப்பும் பின்னங்கால் தள்ளாட்டமும் வருவதுண்டு. சினைக்குதிரை மேய்ந்தால் குட்டி மூட்டுகள் மடங்கி இறுகிய நிலையில் பிறக்கலாம். இதில் சோதனை செய்து பார்க்க எதுவுமில்லை. சினைக்காலம் முழுவதும் தவிர்த்துவிடுவதே சரி.

ஆங்கிலக் கையேடுகள் டால் பெஸ்கியூ என்னும் குளிர்நாட்டுப் புல்லைப் பற்றியே அதிகம் எச்சரிக்கின்றன. தமிழகச் சமவெளிக்கு அந்தக் கவலை இல்லை.

விழுப்புரம் மாவட்டத்தின் அனந்தபுரம், திண்டிவனம் பகுதிகளில் கைக்கெட்டும் நல்ல மாற்று கடலைக்கொடி. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இயங்குமளவுக்கு இது நிலக்கடலைச் சீமை. பயறுவகைச் செடி என்பதால் கொடியில் கால்சியம் மிகுதி. புல்லோடு கலந்து கொடுத்தால் ஆக்சலேட்டின் தாக்கத்தைக் குறைக்கும். ஆனால் கடலை பறிக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் கொடி பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை நச்சு கல்லீரலைக் கெடுக்கும். தூசு மூச்சுக்குழலை வாட்டும். ஈரப்பதம் 15 விழுக்காட்டுக்கு மேல் உள்ள புல்லையோ கொடியையோ போராக அடுக்கக் கூடாது. தரையில் படாமல் பரண்மேல் வைப்பது நல்லது. பிரித்தெடுக்கும்போது முடைநாற்றமோ வெண்தூளோ தெரிந்தால், அந்தப் பகுதியைச் சினைக்குதிரைக்குப் போடக் கூடாது. மண் ஒட்டிய வேர்ப்பகுதியை உதறி நீக்க வேண்டும்; மண் குடலில் தேங்கினால் வயிற்றுவலி வரும்.

எந்தத் தீவன மாற்றத்தையும் 7 முதல் 10 நாட்களில் சிறிது சிறிதாகச் செய்ய வேண்டும். தாது உப்பின் அளவைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்வார்.