எழுத்துக்கு இட்ட எண்

பருத்தித்துறையைச் சார்ந்த மேலைப்புலோலியிலே 1871ஆம் ஆண்டு பிறந்தவர் தமிழ்ப் பேரகராதி கண்ட நா. கதிரைவேற்பிள்ளை. அகராதி என்பது சொற்களின் பொருளை மட்டுமன்று, எழுத்துகளின் ஒழுங்கையும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருவது. மெய்யெழுத்துகளுள் மகரம் பத்தாவது, னகரம் பதினெட்டாவது. ஆதலால் ‘அம்மா’ முன்னும் ‘அன்பு’ பின்னும் வருதலே முறை. ஆயின், எண்வரிசை ஒன்றையே கொண்டு அடுக்குமாறு கணினியை விட்டால், அது ‘அன்பு’ என்பதை முன்னே வைக்கிறது. இதற்குக் காரணம் யாது?

கணினி எழுத்தை அறியாது. எழுத்துக்கு இட்ட எண்ணையே அறியும். 1988ஆம் ஆண்டில் இந்தியாவில் வகுத்த குறியீட்டு முறை, பல மொழிகளுக்கும் பொதுவான ஓர் அட்டவணையாக அமைந்தது. ஓர் ஒலிக்கு எம்மொழியிலும் ஒரே இடம் என்பது அதன் நோக்கம். அதனால் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் அமர்ந்தன. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிக்கோடு இவ்வைப்பு முறையையே தழுவிக்கொண்டது.

இன்று அவ்வரிசையை மாற்றலாகாதோ எனின், ஆகாது. ஓர் எழுத்தை இடம் பெயர்த்தால், அதற்குமுன் எழுதிய கோப்புகள் யாவும் பிழைபடும். ஒருமுறை இட்ட எண்ணை மாற்றுவதில்லை என்பது யூனிக்கோட்டின் உறுதியான விதி. ஆகவே, நிரல் எழுதுவோர் பழைய எண்களைத் தொடாமல், தமிழ் நெடுங்கணக்கின் ஒழுங்கைத் தனி விதியாக அவற்றின்மேல் எழுதி வைக்கின்றனர். பின்வரும் ஒருவர் காரணம் அறியாது அவ்விதியை வேண்டாதது என்று நீக்கினால், நிரல் நில்லாது ஓடும். பெயர்ப்பட்டியலின் ஒழுங்கு மட்டும் ஓசையின்றிக் குலையும்.

இலங்கையில் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துரு மற்றொரு சான்று. அது ஆங்கில ‘ஜே’ எழுத்துக்குரிய 106 என்னும் எண்ணில் ‘த’ என்னும் வடிவத்தை வைத்தது. யூனிக்கோட்டிலோ ‘த’வின் எண் 2980. பாமினியில் எழுதிய பழைய கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளின் குவியலே தோன்றும். கோப்பு அழியவில்லை, அதனைப் படிக்கும் திறவுகோலே கைவிட்டுப் போயிற்று. எந்த எண் எந்த வடிவத்துக்கு உரியது என்னும் அட்டவணை இருந்தால், அக்கோப்பு முழுவதையும் யூனிக்கோட்டுக்கு மாற்றி மீட்டுவிடலாம்.

முன்னோர் எழுதிய நிரலைப் பெறுவோர், அதனைத் திருத்துமுன் ஒவ்வொரு விதியும் எதன்பொருட்டு எழுந்தது என ஆராய்தல் வேண்டும். எழுதுவோரும் நிரலோடு அதன் காரணத்தை ஒரு வரியிலேனும் குறித்து வைத்தல் கடன். அவ்வொரு வரி இருந்தால், அடுத்த தலைமுறையின் பட்டியலிலும் ‘அம்மா’ தனக்குரிய இடத்திலேயே நிற்கும்.