கால் மிஷினை எடைக்குப் போடலாமா?

மேல்பட்டாம்பாக்கத்திலோ சிதம்பரத்திலோ, பாட்டி காலத்துத் தையல் மிஷின் சக்கரம் அசையாமல் மூலையில் நின்றால் வீட்டார் சொல்வது ஒன்றுதான்: "கெட்டுப்போச்சு, எடைக்குப் போட்டுடலாம்." பெரும்பாலும் இது அவசர முடிவு. சிங்கரோ உஷாவோ, அதன் உடல் வார்ப்பிரும்பு, உள்தண்டுகள் எஃகு. சக்கரத்தை இறுக்கியிருப்பது அநேகமாகப் பழைய எண்ணெய்தான். மிஷின் எண்ணெய் தீர்ந்த நாளில் யாரோ சமையல் எண்ணெயை விட்டிருப்பார்கள். அது காற்றுப்பட்டுப் பிசினாக இறுகும். முறுக்குச் சட்டியின் விளிம்பில் படிந்த பிசுக்கைச் சுரண்டிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மிஷின் எண்ணெய் அப்படி எளிதில் இறுகாது.

ஆகவே முதல் வேலை அந்தப் பிசினைக் கரைப்பது. எண்ணெய்த் துளைகளிலும் உலோகம் உலோகத்தோடு உரசும் இடங்களிலும் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓரிரவு வைக்க வேண்டும். மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். பலம் காட்டினால் பாகம் உடையும். ஷட்டிலைச் சுற்றிச் சிக்கிய நூலும் பஞ்சும்கூடச் சக்கரத்தை நிறுத்திவிடும். அழுக்கு வெளியே வந்தபின் துடைத்து மிஷின் எண்ணெய் விட வேண்டும். துடைக்கும்போது கறுப்பு உடலின் தங்கநிறப் பூவேலையில் மட்டும் ஸ்பிரிட் படக்கூடாது. மேற்பூச்சில் அரக்கு இருந்தால் கரைந்துவிடும். தோல் பெல்ட் தளர்ந்திருந்தால் கொஞ்சம் வெட்டிக் கிளிப் போட்டால் போதும். மிதிக்கும்போது மேல்சக்கரம் தைப்பவரை நோக்கிச் சுழல வேண்டும். எதிர்ப்பக்கம் சுழன்றால் நூல் சிக்கும். நன்றாக இருக்கும் மிஷினைப் பலர் குறை சொல்வது இதனால்தான்.

பாகம் கிடைக்காதே என்பார்கள். நீள ஷட்டில் கொண்ட மிகப் பழைய வகைக்கு அது உண்மை. வார்ப்பிரும்பில் விரிசல் விட்டதையும் காப்பாற்றுவது கடினம். ஆனால் வட்ட பாபின் கொண்ட சிங்கர் 15 வகைக்கும், அதே அமைப்பில் வந்தவற்றுக்கும், இன்றைய வீட்டு மிஷினின் ஊசியே பொருந்தும். மோட்டார் வேகமாகத் தைக்குமே என்பது இன்னொரு கேள்வி. நாள் முழுதும் தைத்துப் பிழைப்பவருக்கு மோட்டார்தான் நல்லது, மறுக்கவில்லை. ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்கவும் பாவாடைக்கு ஓரம் அடிக்கவும் அந்த வேகம் எதற்கு? மோட்டாருக்குக் கரண்டும் வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரை அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. கரண்ட் இல்லாத அந்த நாள்களிலும் பகல் வெளிச்சத்தில் தைக்கக்கூடியது கால் மிஷின். காயலான் கடைக்கு எடுத்துப்போகும் முன், ஒரு குப்பி எண்ணெயும் இரண்டு நாளும் அதற்குக் கொடுத்துப் பாருங்கள்.