செம்பனைக் குலை கனக்க யார் காரணம்? கேமரூனிலிருந்து வந்த குட்டி வண்டின் கதை

கூலிம், பாடாங் செராய், சுங்கை பட்டாணி பக்கம் போனால், முன்பு பால்மரம் சீவிய தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனைதான் நிற்கிறது. லாரி லாரியாகக் குலைகள் ஆலைக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குலை நிறையப் பழம் பிடிக்க முக்கியக் காரணம், அரிசியைவிடச் சின்னதான ஒரு வண்டு. அது இந்த நாட்டுப் பூச்சியே இல்லை. 1981-க்கு முன் மலேசியாவில் அது கிடையாது.

செம்பனைக்கு ஏன் துணை தேவை?

செம்பனை மரத்தில் ஆண் பாளையும் பெண் பாளையும் தனித்தனியாக வரும். ஒரே மரத்தில் இரண்டும் வந்தாலும், பெரும்பாலும் ஒரே நேரத்தில் விரியாது. அதனால் ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்தின் பெண் பாளைக்குப் போயாக வேண்டும். பெண் பாளை சில நாட்கள் மட்டுமே மகரந்தத்தை ஏற்கும். அந்த நாட்கள் தவறினால் பல பூக்கள் பழமாகாது. குலை இருக்கும், ஆனால் உள்ளே பழம் குறைவாக இருக்கும். சில குலைகள் அழுகியே போய்விடும்.

வண்டு வருவதற்கு முன் என்ன செய்தார்கள்?

செம்பனையின் தாய்மண் ஆப்பிரிக்கா. மலேசியாவில் 1917-இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில்தான் முதன்முதலாக வணிக ரீதியில் நட்டார்கள். மரம் வந்தது, அதோடு சேர்ந்து வாழ்ந்த பூச்சிகள் வரவில்லை. காற்றே மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்றுதான் நீண்ட காலம் நம்பினார்கள்.

அது போதாத இடங்களில், குறிப்பாக இளம் மரங்களில், மனிதர்களே அந்த வேலையைச் செய்தார்கள். தொழிலாளர்கள் ஆண் பாளையிலிருந்து மகரந்தத்தைச் சேகரித்து, டால்கம் பவுடருடன் கலந்து, பூத்திருக்கும் பெண் பாளையைத் தேடித் தேடித் தூவினார்கள். முள் நிறைந்த மட்டைகளுக்கு இடையே கையை விட்டு, மரம் மரமாக, சில நாட்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை இது. உங்கள் வீட்டில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த தாத்தா, பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்க.

விடை எங்கே கிடைத்தது?

யூனிலீவர் தோட்டங்களில் பணிபுரிந்த லெஸ்லி டேவிட்சன், கேமரூனிலும் மலேசியாவிலும் வேலை பார்த்தவர். அங்கே ஆண் பாளைகளில் மொய்த்த பூச்சிகள் இங்கே இல்லை என்பதைக் கவனித்தார். 1970-களின் பிற்பகுதியில் பூச்சியியல் ஆய்வாளர் ரஹ்மான் சையத் கேமரூனுக்கு அனுப்பப்பட்டார். செம்பனையில் மகரந்தச் சேர்க்கையை முக்கியமாகச் செய்வது காற்று அல்ல, கூன்வண்டுகள்தான் என்று அவர் காட்டினார். அவற்றில் அவர் தேர்ந்தெடுத்த இனம் எலெய்டோபியஸ் கேமரூனிகஸ். பெயரிலேயே சொந்த ஊர் இருக்கிறது, பாருங்க.

வெளிநாட்டுப் பூச்சியை அப்படியே அவிழ்த்துவிட முடியாது. வேறு பயிர்களைத் தாக்குமா, நோய் எதையும் கொண்டுவருமா என்று முதலில் சோதித்தார்கள். அதன் பிறகு, 1981 பிப்ரவரியில் ஜொகூர், குளுவாங்கில் உள்ள மாமோர் தோட்டத்தில் வண்டுகள் விடப்பட்டன. விரைவிலேயே தீபகற்பம் முழுவதும் பரவின.

பெண் பாளையின் தந்திரம்

இந்த வண்டுக்குச் சாப்பாடு, வீடு, குழந்தை வளர்ப்பு எல்லாமே ஆண் பாளையில்தான். பூ விரியும்போது எஸ்ட்ராகோல் என்ற வேதிப்பொருள் வெளிவரும். கிட்டத்தட்ட சோம்பு வாசனை. அதை முகர்ந்து வண்டுகள் கூட்டமாக வரும், மகரந்தத்தில் புரளும், அங்கேயே முட்டையிடும். மகரந்தம் கொட்டி முடிந்த பூக்களைத் தின்று புழுக்கள் வளரும். சில வாரங்களில் அடுத்த தலைமுறை வண்டு பறக்கத் தயார்.

பெண் பாளையில் வண்டுக்குச் சாப்பாடும் இல்லை, முட்டையிட இடமும் இல்லை. ஆனால் பூக்கும்போது அதுவும் அதே வாசனையை விடுகிறது. ஆண் பாளை என்று நினைத்து வண்டு வருகிறது; ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிறது. அதற்குள் உடம்பில் ஒட்டியிருந்த மகரந்தம் பூவில் பட்டுவிடும். அவ்வளவுதான், வேலை முடிந்தது.

என்ன மாறியது?

தீபகற்பத்தில், குலையில் பழம் பிடிக்கும் அளவு சுமார் 50 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. குலைகள் கனத்தன, பருப்பும் கூடியது. கையால் மகரந்தம் தூவ வேண்டிய தேவை போனது. தோட்ட நிர்வாகத்துக்குச் செலவு மிச்சம். அந்த வேலையை நம்பியிருந்தவர்களுக்குக் கூலி போனது. இரண்டையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைப் பார்க்க வேண்டும்.

இன்று ஏன் கவனம் தேவை?

இவ்வளவு பெரிய தொழில், பெருமளவு ஒரே ஒரு பூச்சி இனத்தை நம்பி நிற்கிறது. ஆண் பாளை குறைந்தால் வண்டுக்கு வளர இடமில்லை. பெண் பாளை அதிகம் தரும் இளம் மரங்கள் உள்ள இடங்களில் இந்தச் சிக்கல் வரும். தொடர்மழை அதன் பறத்தலைத் தடுக்கும். எலிகள் பாளையைக் குதறி உள்ளிருக்கும் புழுக்களைத் தின்னும். தோட்டங்களில் கூண்டு வைத்து ஆந்தை வளர்ப்பது எலியைக் கட்டுப்படுத்தத்தான்; அதனால் வண்டுக்கும் நன்மை.

பூச்சிமருந்துதான் நம் கையில் இருக்கும் விஷயம். கூட்டுப்புழுவையும் காண்டாமிருக வண்டையும் கொல்ல அடிக்கும் மருந்து, நல்ல வண்டையும் சேர்த்துக் கொல்லக்கூடும். உங்கள் குடும்பத்துக்குச் சின்னத் தோட்டம் இருந்தால், மருந்து வாங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்க: "இது மகரந்தச் சேர்க்கை வண்டைப் பாதிக்குமா?" புழுக்களை மட்டும் குறிவைக்கும் பிடி எனும் பாக்டீரியா மருந்தும் இருக்கிறது. பூத்து முடிந்த ஆண் பாளையையும் வெட்டி வீசிவிடாதீர்கள். அடுத்த குலையை நிரப்பப்போகும் வண்டுகள் அதற்குள்தான் வளர்ந்துகொண்டிருக்கும்.